தண்ணியப் பூட்டினது ஆரு?

பதிவு கொஞ்சம் நீளம். நோன்பு திறந்து, தராவீஹ் முடிந்து, தேத்தண்ணியோடு இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

ரமழானுக்கு முந்திய வாரம் எங்கட பள்ளிவாசலின் மேல்மாடிக் கண்ணாடிகளைக் கழுவினோம். வழமையாக மூங்கில் ஏணி கட்டி இரண்டு பேர் ஏறுவார்கள், கீழே நான்கு பேர் கலிமா சொல்லிக்கொண்டு ஏணியைப் பிடிப்பார்கள். இந்த முறை கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு தம்பி, ஒன்றுக்குள் ஒன்று செருகி நீட்டுகிற தடி ஒன்றைக் கொண்டுவந்தார். உச்சியில் பிரஷ். தடியோடு ஒரு மெல்லிய ஹோஸ் மேலே போகிறது, பிரஷிலுள்ள சின்னத் துளைகளால் தண்ணீர் பீச்சுகிறது. நிலத்தில் நின்றபடியே இரண்டாம் மாடியைக் கழுவலாம். அங்கே அவருக்கு அதுதான் தொழில்.

முதல் நாள் பெரிய கூத்து. தண்ணீர் பைப் ஹௌழடியில், தடி மறுபக்கச் சுவரில். ஒரு கண்ணாடி முடிந்து அடுத்ததற்குப் போகும்போதெல்லாம் "பூட்டு!" என்று கத்த வேண்டும். பைப்படியில் நின்ற பொடியனுக்குக் கேட்காது. கேட்டுப் பூட்டும்போது இவர் அடுத்த கண்ணாடிக்குப் போயிருப்பார். ஜன்னலால் உள்ளே வடிந்து கார்பெட் ஒரு பக்கம் நனைந்தது. அஸருக்குப் பிறகு கிணறு வற்றி மோட்டர் வெறுங்காற்றை இழுக்கத் தொடங்கியது.

அடுத்த நாள் அந்தத் தம்பி ஹாட்வெயார் கடையில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளை வால்வு வாங்கி, தடியின் அடியில், கைக்கெட்டிய இடத்தில் ஹோஸை வெட்டிப் பொருத்தினார். கால்வாசி திருப்பினால் திறக்கும், திரும்பக் கால்வாசி திருப்பினால் பூட்டும். அன்று அதே கிணறு முழுப் பள்ளிவாசலுக்கும் போதுமாக இருந்தது.

தேத்தண்ணி நேரத்தில் ஒருவர் பகிடியாக, "இவ்வளவு காலமும் வெளிநாட்டில ஜன்னல் கழுவித்தான் சம்பாதிச்சயா?" என்றார். தம்பி சிரித்துவிட்டு எங்கட பக்கம் திரும்பினார். சாதாரண தரத்தில் வரலாற்றுப் பாடத்தில் சித்தியடையாதவர், எங்கட வகுப்புப் பிள்ளைதான். "சேர், ராசா குளம் கட்டினாரு எண்டு படிப்பிச்சீங்க. சரி. தண்ணியப் பூட்டினது ஆரு?"

எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. மழைநீரில் ஒரு துளியும் வீணாகக் கடலுக்குப் போகக்கூடாது என்ற பராக்கிரமபாகு மன்னரின் கதையை வருடா வருடம் பிள்ளைகளுக்குப் பாடமாக்கச் சொல்கிறோம். ஆனால் தேக்கிய தண்ணீரை வேண்டிய நேரம் வேண்டிய அளவு திறந்து, பிறகு எப்படிப் பூட்டினார்கள் என்று ஒரு நாளும் நின்று படிப்பிக்கவில்லை. குளம் கட்டுவதைவிட அதுதான் கடினமான வேலை.

ஏன் கடினம்? ஒரு கணக்கு. பத்து மீற்றர் ஆழத்தில் ஒரு சதுர மீற்றர் கதவு இருந்தால், அதன்மேல் தண்ணீர் ஏறத்தாழ 10 தொன் பாரத்தில் அழுத்தும். இரண்டு பேர் தடி கொடுத்துத் தூக்கக்கூடிய பாரமல்ல. தூக்கினாலும், அந்த விசையில் பாயும் தண்ணீர் அணைக்கட்டின் அடியை அரித்துவிடும். சின்னக் குளமென்றால் அணையை வெட்டித் தண்ணீர் விட்டுப் பிறகு மண்போட்டு மூடலாம். பெரிய குளத்தில் அப்படி வெட்டினால் குளமே போய்விடும்.

இதற்கு இந்தத் தீவில் கண்டுபிடித்த வழிதான் சிங்களத்தில் 'பிசோகொட்டுவ' எனப்படுவது. சொல்லைப் பிரித்தால் அரசியின் அறை என்று வரும். உண்மையில் அது அணைக்கட்டின் உட்பக்கத்தில் கல்லால் கட்டிய ஒரு சதுரக் குழி, கிணறுபோல. குளத்துத் தண்ணீர் அடிக்கால்வாயால் முதலில் இந்தக் குழிக்குள் வரும். ஒடுங்கிய வழியால் விரைந்து வருகிற தண்ணீர் அகன்ற இடத்துக்குள் புகுந்ததும் வேகம் தணியும். அங்கிருந்து இன்னொரு கால்வாயால் அணைக்கட்டின் அடியாகப் போய் வாய்க்காலில் விழும். திறப்பதும் பூட்டுவதும் அந்தக் குழிக்குள் நடந்தன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே நீர்ப்பாசனப் பொறியியலாளராக வேலை செய்த ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேயர் பழைய குளங்களின் துருசுகளை அளந்து பார்த்தார். 1909இல் வெளிவந்த 'புராதன இலங்கை' நூலில், இன்றைய வால்வுக் குழிகளை ஒத்த இந்த அமைப்பை உலகில் முதலில் கண்டுபிடித்தவர்கள் சிங்களவர்கள் என்று எழுதினார். அது 2,100 வருடங்களுக்கு மேல் பழையது என்பது அவர் கணக்கு. காலத்தைப் பற்றி வாதங்கள் இருக்கலாம். ஆனால் ஒரு பொறியியலாளர் இன்னொரு பொறியியலாளரின் வேலையைப் பார்த்து வியந்த வியப்பு அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

குழிக்குள் இருந்த கதவு எப்படியிருந்தது, எப்படித் தூக்கினார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒத்த கருத்தில்லை. கல் நின்றுவிட்டது, மரம் உக்கிவிட்டது. கதவோடு சேர்ந்து அதைத் தூக்கிய மனிசனும் போய்விட்டார். கல்வெட்டுகளில் குளம் கட்டிய அரசரின் பெயர் இருக்கிறது, குளத்தைத் தானம் செய்தவரின் பெயர் இருக்கிறது. தம்பியின் கேள்விக்குரிய ஆளைத் தேடினால் கிடைப்பது அரிது.

பார்க்க விரும்புகிறவர்கள் மாதுறு ஓயாவுக்குப் போங்கள், எங்களுக்கு அவ்வளவு தூரமில்லை. மகாவலித் திட்டத்தில் அங்கே புது அணை கட்டியபோது, பழைய துருசு ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. கல்லும் செங்கல்லும் சேர்ந்த வேலை. ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். உண்மையைச் சொன்னால் அன்று நாங்களும் படம் எடுத்துவிட்டு வந்தவர்கள்தான்.

வால்வின் கதை எங்கட தீவில் மட்டும் நடக்கவில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் திசிபியஸ் வால்வு வைத்த பம்பி செய்தார். ரோமர்கள் வெண்கலத்தில் திருகுகிற குழாய்வாய்கள் செய்தார்கள், பொம்பேயின் சாம்பலுக்குள்ளிருந்து அவை எடுக்கப்பட்டிருக்கின்றன. இவற்றைச் சுருக்கமாகக் கடப்போம், பக்தாதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

9ஆம் நூற்றாண்டில் அங்கே மூஸாவின் மக்கள் மூவர், பனூ மூஸா, இருந்தார்கள்: முஹம்மத், அஹ்மத், ஹஸன். அவர்களுடைய 'கிதாபுல் ஹியல்' நூலில் ஏறத்தாழ நூறு கருவிகள். பல விளையாட்டுச் சாமான்கள்தான், கலீபாவின் சபையில் விருந்தாளியை ஏமாற்றும் குடங்கள், ஊற்றுகள். ஆனால் அவற்றின் உள்ளே கூம்பு வடிவ வால்வும், தண்ணீர் ஏறினால் மிதந்து தானாகவே வாயை மூடும் மிதவையும் இருக்கின்றன. எங்கட வீட்டு மொட்டைமாடித் தண்ணித் தாங்கியைத் திறந்து பாருங்கள். நிரம்பியதும் மிதந்து பூட்டுகிற அந்தப் பந்து அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

பின்னர் 1206இல் அல்ஜஸரி தன் நூலை முடிக்கிறார். வுழூச் செய்யத் தண்ணீர் ஊற்றும் மயில் முதலிய ஐம்பது கருவிகள். படங்களைப் பார்த்து எல்லோரும் மயிலையும் யானையையும் பகிர்கிறோம். எங்களைப் பிடித்தது வேறொன்று: வால்வின் மூடியையும் அது உட்காரும் இடத்தையும், இடையில் குருந்தக்கல் தூள் வைத்து, ஒன்றோடொன்று தேய்த்துத் தேய்த்துத் துளியும் ஒழுகாமல் பொருத்துகிற முறையை அவர் எழுதியிருக்கிறார். கராச்சில் வேலை செய்கிற எங்கட பிள்ளைகளைக் கேளுங்கள், எஞ்சின் வால்வை இன்றும் அப்படித்தான் தேய்க்கிறார்கள். ஏட்டறிவு கைவேலையைக் கேட்டு எழுதிய இடம் அது. அதனால்தான் அவருக்கு எங்களிடம் மரியாதை கூட.

பள்ளிவாசலுக்கு வருவோம். எகிப்தில் தண்ணீர்க் குழாய்வாய்க்குப் பெயர் 'ஹனபிய்யா'. கெய்ரோவில் முஹம்மத் அலி பாஷா பள்ளிவாசலுக்குக் குழாய் வந்தபோது, மற்ற மத்ஹபுக்காரர் தயங்க, ஹனபி உலமாக்கள் ஏற்றதால் இந்தப் பெயர் வந்தது என்றொரு கதை வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்தக் கதையை அப்படியே ஏற்க முடியாது. அந்தப் பள்ளிவாசல் வேலை 1830இல் தொடங்கி 1848வரை இழுபட்டது. ஆனால் கெய்ரோவில் வாழ்ந்த எட்வர்ட் லேன் 1836இல் வெளியிட்ட நூலிலேயே, பள்ளிவாசல்களில் குழாய்வாய் வைத்த தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பெயர் இருக்கிறது. விஷயம் எளிது. தேங்கிய நீரில் வுழூச் செய்ய ஹனபிகள் வைக்கும் அளவு பெரியது, பத்து முழத்துக்குப் பத்து முழம். அவ்வளவு பெரிய தொட்டி இல்லாத இடத்தில் ஓடும் நீர் வேண்டும், ஓடும் நீருக்குக் குழாய்வாய் வேண்டும். ஷாபிஈகளான எங்களுக்கு இரண்டு குல்லத் போதும், இருநூறு லீற்றருக்குச் சற்றுக் கூட. அதனால் எங்கட பாட்டன்மார் ஹௌழ் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

இப்போது ஹௌழ் ஒரு மூலையில், சுவர் நெடுக பைப்புகள். ஒரு முத்து அளவு தண்ணீரில் ரஸூலுல்லாஹ் (ஸல்) வுழூச் செய்தார்கள் என்று ஹதீஸில் படிக்கிறோம். அது முக்கால் லீற்றருக்கும் குறைவு. ஒரு நாள் பைப்பின் கீழ் வாளி வைத்துப் பார்த்தோம். ஒருவருடைய வுழூ முடிய அரைவாளிக்கு மேல். ஹௌழில் கையால் அள்ளும்போது கைதான் அளவு. பைப்பில், பூட்டுகிற வரைக்கும் அளவில்லை.

அந்தப் பைப்பும் பழையதல்ல. 1845இல் இங்கிலாந்தின் ரொதர்ஹாமில் கெஸ்ட் அன்ட் கிறைம்ஸ் என்ற பித்தளை வார்ப்புக்காரர்கள் திருகி இறக்கிப் பூட்டும் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார்கள். நகரங்களில் தண்ணீர் அழுத்தத்தோடு வரத் தொடங்கிய காலம். சட்டென்று பூட்டினால் ஓடி வந்த தண்ணீர் குழாயை உள்ளேயிருந்து சம்மட்டிபோல் அடிக்கும். மெல்லத் திருகினால் அந்த அடி இல்லை.

கடைசியாக எங்கட கல்லோயா. இங்கினியாகலையில் அணைகட்டி சேனாநாயக்க சமுத்திரம் வந்தது, கால்வாய்களுக்குக் கதவுகள் வந்தன. முப்பது வருடங்களுக்குள் இடது கரையில் பல கதவுகள் உடைந்து கிடந்தன, கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை. 1981இல் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் அமைப்பாளர்களை விவசாயிகளிடையே தங்க வைத்தன. கதவைத் திருத்துவதற்கு முன்பே, விவசாயிகள் கூடிப் பேசி, வாய்க்கால் துப்புரவாக்கி, முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சி, மிச்சத்தைக் கீழே விட்டார்கள். மேல்மடையில் சிங்களவர்கள், கடைமடையில் தமிழர்கள். அந்த வருடங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நோர்மன் அப்ஹொஃப் 1992இல் இதைப் புத்தகமாக எழுதினார். வகுப்பில் இதையும் நாங்கள் படிப்பித்ததில்லை.

தம்பியிடம் பள்ளிவாசல் முற்றத்தில் இவ்வளவையும் சொன்னோம். கேட்டுவிட்டு, தன் வால்வைப் பற்றி எங்களுக்கு ஒரு பாடம் எடுத்தார். இந்த வகை வால்வை முழுக்கத் திறக்கலாம், முழுக்கப் பூட்டலாம், அரைவாசியில் வைத்து ஓடவிட்டால் உள்ளேயிருக்கும் இருக்கை அரிந்து ஒழுகத் தொடங்கும். தண்ணீரைக் கூட்டிக் குறைக்க வேறு வால்வு, நுனி ஊசிபோல் இருக்கும். பம்பி ஓடும்போது தடியடியில் பூட்டினால் ஹோஸில் அழுத்தம் ஏறும், மூட்டுகள் இறுக்கமில்லாவிட்டால் கழன்று பறக்கும், ஆகவே முதலில் மூட்டுக்கு கிளிப் போட வேண்டும். கண்ணாடி காய்ந்து வெள்ளைப் புள்ளி விழுவது கிணற்றுத் தண்ணீரின் உப்பால், அங்கே உப்பு நீக்கிய தண்ணீர் விடுவதால் துடைக்கத் தேவையில்லை. நாங்கள் கொப்பியில் எழுதிக்கொண்டோம்.

நோன்பு முடிந்து அவர் கட்டார் போகிறார். தடியையும் வால்வையும் பள்ளிவாசல் களஞ்சிய அறையில் ஆணியில் கொழுவி வைத்திருக்கிறார், மத்ரஸாக் கட்டிடத்துக்கோ பாடசாலைக்கோ வேண்டியவர்கள் முஅத்தினாரிடம் கேட்டு எடுக்கலாம். திரும்ப வைக்கும்போது ஹோஸிலுள்ள தண்ணீரை வடித்துவிடுங்கள்.

இன்னொரு வேலையும் தொடங்கியிருக்கிறோம். உங்கள் வாப்பாவோ மூத்தவாப்பாவோ வட்டைவிதானையாக இருந்து துருசுத் திறப்பைக் கையில் வைத்திருந்தவர் என்றால், அவருடைய பெயர், எந்தக் கண்டம், எந்த வாய்க்கால், எந்த வருடங்கள் என்று எங்களிடம் சொல்லுங்கள். அடுத்த தவணை பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீடு வீடாக வருவார்கள். பழைய திறப்பு இன்னும் வீட்டில் கிடந்தால் துரு சுரண்டாமல் அப்படியே வையுங்கள்.