முகமாற்றுச் சத்திரசிகிச்சை: பார்ப்பவர்களின் பயமும் பெறுபவரின் ஆபத்தும்

இறந்த ஒருவரின் முகத்தை உயிரோடிருக்கும் ஒருவருக்குப் பொருத்தும் சத்திரசிகிச்சை முதன்முதலாக 2005 நவம்பர் 27 அன்று பிரான்சின் அமியான் நகரில் நடந்தது. நாய் குதறியதால் மூக்கையும் உதடுகளையும் நாடியையும் இழந்த இசபெல் டினுவார் என்ற பெண்ணுக்கு, பேர்னார் டெவோஷெல், ஜோன்-மிஷெல் டுபேர்னார் ஆகியோரின் குழு அவற்றைப் பொருத்தியது. 2024 இல் வெளியான ஆய்வொன்று, அதுவரை 11 நாடுகளில் 48 பேருக்கு 50 முகங்கள் பொருத்தப்பட்டதாகக் கணக்கிட்டது. இருவருக்கு இரண்டாவது தடவையும் செய்யவேண்டி வந்ததால்தான் அந்த 50. பட்டியலில் இலங்கையும் இல்லை, இந்தியாவும் இல்லை.

ஆனாலும் நம்மவர்கள் இதைப்பற்றி அதிகம் கேட்கிறார்கள். எறிகணையும் கண்ணிவெடியும் எரிகாயமும் முகத்தைக் கொண்டுபோன பலர் நம்மிடையே இருக்கிறார்கள். கைபேசிக்கு வரும் இரண்டு நிமிடக் காணொளியில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்கள் மட்டுமே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது, பிறகு என்ன நடக்கும் என்பது அதில் இராது.

முதலாவது சிகிச்சைக்கு முன்பே எதிர்ப்பு இருந்தது. இங்கிலாந்தின் றோயல் சத்திரசிகிச்சைக் கல்லூரி 2003 இலேயே, ஆபத்துகள் இன்னும் தெளிவாகத் தெரியாததால் அவசரப்படவேண்டாம் என்று அறிக்கை வெளியிட்டது. பிரான்சின் தேசிய அறநெறிக் குழுவும் 2004 இல் முழுமுகத்தை மாற்றுவதை ஏற்கவில்லை. டினுவாரின் செய்தி வெளியானபோது, மனம் நொந்திருந்த ஒரு பெண்ணின் சம்மதம் உண்மையான சம்மதமா என்று பத்திரிகைகள் வாதாடின. சாதாரண மக்களின் பயமோ வேறு: இறந்தவர் இன்னொருவரின் உடலில் ஏறித் தெருவில் நடப்பாரா?

இந்தப் பயத்துக்கு மருத்துவத்தில் ஆதாரம் குறைவு. தோலும் தசையும் புதிய எலும்புச் சட்டத்தின்மேல் படியும்போது முகம் இருவருடையதும் அல்லாத மூன்றாவது ஒன்றாகிவிடுகிறது. எலும்பையும் சேர்த்துப் பொருத்தினால் சாயல் சற்றுக் கூடலாம். நம்மிடம் இருக்கும் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. செத்தவீட்டில் முகம் பார்ப்பதும் வாய்க்கரிசி போடுவதும் நமக்குச் சடங்கு மட்டுமல்ல. கடைசி முகத்தைப் பார்க்கக் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்பது இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும். கண்தானத்துக்குப் பேர்போன நாடு இது. 1964 முதல் வெளிநாடுகளுக்கும் விழிவெண்படலம் அனுப்பி வருகிறது. இறந்தவரின் உறுப்பை எடுக்க 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. கண்டி வைத்தியசாலையில் 2017 யூலையில் நாட்டின் முதலாவது இதயமாற்றுச் சத்திரசிகிச்சையும் நடந்தது. கண்ணையும் இதயத்தையும் கொடுக்கும் குடும்பம் முகத்தைக் கொடுக்குமா என்பது சட்டம் தீர்க்கும் கேள்வியல்ல. வெளிநாடுகளில் கொடையாளரின் முகத்தை அச்செடுத்து, அதேபோன்ற செயற்கை முகமொன்றைச் செய்து வைத்தே உடலை ஒப்படைப்பார்கள்.

இனி ஆபத்துக்கு வருவோம். மாற்றி வைக்கும் உறுப்புகளில் தோலைத்தான் உடல் மிகக் கடுமையாக எதிர்க்கும். அதனால் முகத்தைப் பெற்றவர் உயிருள்ளவரை ஒவ்வொரு நாளும் டக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீரொயிட் போன்ற நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை எடுக்கவேண்டும். இவை முகத்தைக் காக்கும். அதேவேளை கிருமித்தொற்று, நீரிழிவு, சிறுநீரகப் பாதிப்பு, சிலவகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றுக்கும் வழிதிறக்கும். இருதய நோயாளிக்கு இந்தப் பேரம் நியாயமானது, ஏனென்றால் மாற்றாவிட்டால் அவர் இறப்பார். முகம் சிதைந்தவர் பெரும்பாலும் உடல் நலமாக இருப்பவர். சத்திரசிகிச்சைதான் அவரை வாழ்நாள் நோயாளியாக்குகிறது. மருத்துவர்கள் இன்றுவரை வாதாடுவதும் இதைப் பற்றித்தான்.

மருந்து எடுத்தும் உடல் முகத்தை நிராகரிக்கும் கட்டங்கள் வரும். முகம் சிவக்கும், வீங்கும். மருந்தைக் கூட்டி அடக்குவார்கள். சீனாவில் கரடி தாக்கிய ஒருவர் 2006 இல் பகுதி முகம் பெற்றார். மருந்தை நிறுத்தி நாட்டு மருந்துக்குப் போனவர் இரண்டு ஆண்டுகளில் இறந்தார். டினுவாரின் உடல் 2015 இல் முகத்தை நிராகரித்தபோது உதட்டசைவு ஓரளவு போயிற்று. 2016 ஏப்ரலில் 49 வயதில் அவர் காலமானார். அவருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. மேலே சொன்ன 2024 ஆய்வு, முதல்தடவை பொருத்திய முகங்களில் 85 வீதம் 5 ஆண்டுகளும் 74 வீதம் 10 ஆண்டுகளும் நிலைத்ததாகச் சொல்கிறது. சிகிச்சையின் கடினத்துக்கு இது நல்ல கணக்குத்தான். ஆனால் சிறுநீரகம் பழுதானால் இரத்தச் சுத்திகரிப்பு இருக்கிறது. முகம் பழுதானால் இடைக்கால ஏற்பாடு எதுவும் இல்லை. பாரிசில் ஒருவர் முதல் முகம் அழுகி அகற்றப்பட்டபின், 2018 சனவரியில் இரண்டாவது கிடைக்கும்வரை ஏறக்குறைய இரண்டு மாதங்கள் முகமே இல்லாமல் வைத்தியசாலையில் கிடந்தார்.

என் பெரியம்மாவின் மகனுக்கு 2009 மாசியில் எறிகணைச் சிதறல் கீழ்த்தாடையின் ஒரு பக்கத்தையும் கீழுதட்டின் பாதியையும் கொண்டுபோனது. பேராதனையில் கிளினிக் இருக்கும் நாட்களுக்கு முதல்நாளே வன்னியிலிருந்து வந்து, கலகெதரயில் எங்கள் வீட்டில் தங்குவார். காலையில் குருநாகல் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் கட்டுகஸ்தோட்டை வழியாகப் போவோம். பக்கத்து இருக்கைகளில் இருப்பவர்கள் இரக்கத்தோடுதான் கேட்பார்கள், என்ன நடந்தது என்று. அண்ணை "விபத்து" என்பார். எறிகணை என்று சொன்னால் அடுத்த கேள்வி எந்த ஊர், அதற்கடுத்தது என்ன செய்துகொண்டிருந்தாய். சோதனைச்சாவடிக் காலத்தில் அந்தத் தழும்பே அவருக்கு எதிரான சாட்சியாக இருந்தது. புதுமுகம் என்றால் நம்மவருக்கு அழகைவிட இந்தக் கேள்விகளிலிருந்து விடுதலை என்றே முதலில் படுகிறது. அந்த ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன்.

கனடாவில் இருக்கும் தங்கை, "காசைப்பற்றி யோசியாதேங்கோ அண்ணை, எங்கை செய்யலாமெண்டு மட்டும் விசாரியுங்கோ" என்றாள். அண்ணை என்னிடம் இரண்டே கேள்விகள் கேட்டார். தேத்தண்ணி ஒழுகாமல் குடிக்கலாமா? மருந்து ஒருநாள் கிடைக்காவிட்டால் என்ன நடக்கும்?

இரண்டாவதற்குப் பதில் எங்கள் பக்கத்திலேயே இருந்தது. 2022 மார்ச் கடைசியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலை முன்கூட்டித் திகதி கொடுத்திருந்த சத்திரசிகிச்சைகளையே இடைநிறுத்தியது. அப்படி ஒரு மாதத்தில், நாள் தவறாமல் மருந்து எடுக்கவேண்டிய ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டில் காசு கட்டிச் செய்துவிட்டு வரலாம் என்பவர்களுக்கும் இதையே சொல்வேன். 2015 இல் கொச்சி அமிர்தா வைத்தியசாலையில், கண்ணிவெடி அகற்றும்போது இரு கைகளையும் இழந்த ஆப்கானிஸ்தான் இராணுவ அதிகாரி ஒருவருக்குக் கைகள் பொருத்தினார்கள். வெற்றிதான், ஆனால் மருந்தும் இரத்தப் பரிசோதனையும் ஊருக்குத் திரும்பியபின்னும் தொடரவேண்டும்.

முதற்கேள்விக்குப் பதில் சிக்கலானது. காலின் சிற்றெலும்பை எடுத்துத் தாடை அமைக்கலாம், முன்னங்கைத் தோலை இரத்தக்குழாயோடு எடுத்து உதட்டில் வைக்கலாம். எல்லாம் சொந்தத் திசு என்பதால் உடல் நிராகரிக்காது, வாழ்நாள் மருந்தும் வேண்டாம். ஆனால் வாயைச் சுற்றியிருக்கும் வளையத் தசையையோ இமையையோ இப்படி முழுமையாகச் செய்யமுடியாது. முகமாற்றுக்கு உண்மையான நியாயம் இருப்பது அங்கேதான்: உதடு மூடாமல் உணவு ஒழுகுபவருக்கும், இமை மூடாமல் கண் காய்ந்து பார்வை போகிறவருக்கும். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 2009 இல் பொஸ்டன் வைத்தியசாலை ஒன்றுக்கு 34 இலட்சம் டொலர் கொடுத்தபோது நினைத்ததும் காயப்பட்ட படைவீரரைத்தான்.

சொந்தத் திசுவால் முகம் கட்டுவதும் பெரும்பாலும் போர்களில் வளர்ந்த கலை. மைசூர்ப் போரில் திப்புவின் படையிடம் பிடிபட்டு மூக்கறுபட்ட வண்டிக்காரர் ஒருவருக்கு நெற்றித் தோலால் மூக்கமைத்த செய்தி 1794 இல் லண்டன் சஞ்சிகையில் வந்தபிறகே ஐரோப்பியர் அந்த முறையைக் கற்றனர். முதலாம் உலகப்போரில் ஹரோல்ட் கில்லீஸ் சிட்கப் நகரில் ஆயிரக்கணக்கான படைவீரருக்கு முகம் திருத்தினார். அந்த ஊரில் சில வாங்குகளுக்கு நீலவர்ணம் பூசியிருந்தார்கள். அவற்றில் முகம் சிதைந்தவர் அமர்ந்திருக்கக்கூடும், திடுக்கிடாதீர்கள் என்று ஊராருக்கு எச்சரிக்கை.

அண்ணை இப்போது சொந்தத் திசு வழியிலேயே போகிறார். அந்த வழியில் போக நினைப்பவர்கள் பழைய சிகிச்சைக் குறிப்புகளையும் எக்ஸ்ரே படங்களையும் கொண்டுபோவது நல்லது. எறிகணைச் சிதறல் உடலில் எங்கு மிஞ்சியிருந்தாலும், அது முகத்தில் இல்லாமல் முதுகில் இருந்தாலும், எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க முன்னர் கட்டாயம் சொல்லவேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் சிலவகை உலோகத்தை உள்ளுக்குள்ளேயே அசைக்கும். கண்ணுக்கருகில் இருந்தால் பார்வையே போகலாம். எப்படிக் காயப்பட்டோம் என்று சொல்லத் தயங்கி, பலர் இதையும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். உள்ளே உலோகம் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும், மருத்துவர் சீ.ரி. ஸ்கான் போன்ற வேறு வழியைத் தெரிவுசெய்வார்.