கொச்சை என்று யார் சொன்னது?

எங்க தாத்தா மெட்ராசில் கைரிக்‌ஷா இழுத்தவரு. பேசின கூலியைக் கொடுக்காமல் இறங்கிப் போகிறவர் அவருக்குப் ‘பேமானி’. வண்டிக்குக் குறுக்கே வந்து விழுகிறவர் ‘சாவுகிராக்கி’. நாளெல்லாம் இழுத்தும் கையில் ஒன்றும் நிற்காவிட்டால், “ஒரே பேஜாருடா” என்று திண்ணையில் சாய்வார். ‘கஸ்மாலம்’ மட்டும் எங்க ஆயாவோட சொத்து. நான் எம்.ஏ. தமிழ் படிக்கப் போன இடத்தில் இத்தனைக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்திருந்தார்கள்: கொச்சை.

அதே வகுப்பில்தான் நன்னூலும் நடந்தது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் குழூஉக்குறியாம், தகுதி வழக்காம். சரி. சவாரிக்கு வருகிறவரை ரிக்‌ஷாக்காரர் ‘கிராக்கி’ என்றால் அது எந்த வழக்கு? அந்தத் தகுதியை யார் கொடுப்பது?

இந்தச் சொற்களின் பூர்வீகத்தைத் தோண்டினால் நகரத்தின் சரித்திரமே கிடைக்கிறது. பாரசீகத்துப் ‘பேஜார்’ உருது வழியாக வந்தது. ‘பேமானி’க்குள் இருப்பது ஈமான், அது இல்லாதவன் பேமானி. ‘துட்டு’ டச்சுக்காரன் செப்புக்காசு. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். துணியோடு அடிமைகளையும் அங்கிருந்துதான் கப்பலேற்றினார்கள். அந்தக் காசின் பெயர் இன்னும் நம்ம நாக்கில் இருக்கிறது.

‘கஸ்மாலம்’ சமஸ்கிருதம். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், கலங்கி நிற்கிற அர்ஜுனனைப் பார்த்துக் கிருஷ்ணன் சொல்வதில் இந்தச் சொல் வருகிறது. அங்கே ஓதினால் புண்ணியம். எங்க ஆயா குழாயடியில் சொன்னால் அசிங்கம். தீட்டை அவர்கள் பார்த்தது வாயில்தான்.

1971இல் ‘ரிக்‌ஷாக்காரன்’ படம் ஓடியது. 1973இல் தமிழக அரசு கைரிக்‌ஷாவை ஒழித்தது. மனுசனை மனுசன் இழுக்கிற கொடுமை போய்ச் சேர்ந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அதோடு ஒரு பேச்சும் தேய ஆரம்பித்தது. சினிமா அதில் வசவை மட்டும் பொறுக்கியெடுத்து, காமெடியன் வாயிலும் ரவுடி வாயிலும் போட்டது. அலுப்பையும் பாசத்தையும் கூலிக் கணக்கையும் விட்டுவிட்டது. 2000 முதல் குடிசைகளைப் பெயர்த்து ஜனங்களைக் கண்ணகி நகருக்கும், பின்னால் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். ஒரே குழாயடியில் சண்டைபோட்டுப் பழகின சனம் திசைக்கொன்றாய்ப் போனது. சண்டை போடவும் ஆள் வேணுமில்லையா?

இன்றைக்கு எங்க வீட்டுப் பிள்ளைங்க ‘பேஜாரு’ன்னா கெக்கெக்கேன்னு சிரிக்குதுங்க. எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்டால் தாத்தாவின் காய்ப்பு பிடித்த உள்ளங்கை ஞாபகம் வருகிறது. வீட்டில் வயசானவங்க இருந்தால் பக்கத்தில் குந்துங்கள். பேசவிட்டுக் கேளுங்கள். எழுதி வையுங்கள். நம்ம பாட்டன் பூட்டனுக்குக் கல்வெட்டு யாரும் வெட்டி வைக்கவில்லை. பேச்சுதான் இருக்கு.