குதிரையின் வாயில் இரும்பு வைக்க அவசரப்படாதவர்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற வாரம் தரம் 10இல் அந்தலூஸ் பாடம். 1492இல் கிரனாடா கைவிட்டுப் போன கதையைச் சொல்லி முடித்ததும் பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் கேட்டான். "சேர், அவ்வளவு காலம் ஆண்டும் கடைசியில நம்மட எதுதான் சேர் மிஞ்சின?" அல்ஹம்ரா மாளிகையைச் சொன்னேன். கொர்தோபா பள்ளிவாசலைச் சொன்னேன். அவன் முகத்தில் திருப்தி இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஞாபகத்துக்கு வந்தது. அது கட்டிடம் அல்ல. அமெரிக்காவின் மேற்கே, மாட்டுப் பண்ணையில் வேலை பழகும் ஓர் இளங்குதிரையின் மூக்கின் மேல் கிடக்கும் தோல் வளையம்.

அந்த வளையமும் கயிறும் சேர்ந்த தலைக்கட்டை அங்கே 'ஹக்கமோர்' என்பார்கள். ஸ்பானிய மொழியின் 'ஹாக்கிமா' என்ற சொல்தான் ஆங்கிலம் பேசுவோர் வாயில் அப்படி ஆனது. ஹாக்கிமா எங்கிருந்து வந்தது? அரபியின் 'ஷகீமா'விலிருந்து. மௌலவிமாருக்குத் தெரியும், ஷகீமா என்றால் குதிரையின் வாய்க்குள் போடும் கடிவாள இரும்பு. மனவுறுதி மிக்கவரை 'கவிய்யுஷ் ஷகீமா' என்று அரபியில் இன்றும் சொல்கிறார்கள். வாய்க்குள் போகும் இரும்பைக் குறித்த சொல், கடல் கடந்து போய், வாய்க்குள் இரும்பே இல்லாத ஒரு கருவிக்குப் பெயராகிவிட்டது.

இது நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 711இல் தாரிக் இப்னு ஸியாத் கடலைக் கடந்த நாளிலிருந்து வட ஆபிரிக்கக் குதிரை வீரர்களின் பழக்கங்கள் ஸ்பெயினுக்குள் நுழைந்தன. குட்டையான அங்கவடி, மடக்கிய முழங்கால், சட்டென்று திரும்பும் குதிரை. இந்தச் சவாரி முறைக்கு ஸ்பானியர் 'ஹினேத்தா' என்று பெயர் வைத்தார்கள். ஸனாத்தா என்ற பர்பர் கோத்திரத்தின் பெயர் அது. ஸ்பானிய மொழியில் குதிரைக்காரனுக்கு இன்றும் 'ஹினேத்தே' என்றுதான் பெயர். 12ஆம் நூற்றாண்டில் செவில்லைச் சேர்ந்த இப்னுல் அவ்வாம் எழுதிய 'கிதாபுல் பிலாஹா' என்ற விவசாய நூல் பயிரோடு நிற்கவில்லை. குதிரை வளர்ப்பு, பழக்கும் முறை, வைத்தியம் எல்லாம் அதில் உண்டு.

கிரனாடா வீழ்ந்த மறு வருடமே, 1493இல், கொலம்பஸின் இரண்டாவது பயணத்தில் குதிரைகள் கரீபியனுக்குப் போயின. 1519இல் கோர்ட்டெஸ் 16 குதிரைகளோடு மெக்சிக்கோவில் இறங்கினான். 1769இல் கலிபோர்னியாவின் முதல் கிறிஸ்தவ மிஷன் சன் டியாகோவில் எழுந்தது. கூடவே மாடுகளும் பெருகின. அவற்றை மேய்க்க 'வக்கேரோ'க்கள் உருவானார்கள். வக்கா என்றால் ஸ்பானிய மொழியில் பசு.

இந்த வக்கேரோக்கள் இளங்குதிரையை வேலைக்கு எடுத்த முறைதான் என்னைக் கவர்ந்தது.

குதிரைக்கும் நம் பிள்ளைகளைப் போலப் பால் பல் உண்டு. இரண்டரை வயதளவில் விழத் தொடங்கி, ஐந்து வயதாகும்போதுதான் நிலையான பற்கள் முளைத்து முடியும். அந்த இடைக்காலத்தில் வாய் நோகும். நோகும் வாயில் இரும்பைப் போட்டு இழுத்தால் அது தலையை உதறும், அல்லது வாய் மரத்துப் போகும். ஆகவே மூன்று, நான்கு வயதில் சேணம் ஏற்றினாலும் வாயைத் தொடமாட்டார்கள். பச்சைத் தோலில் பின்னிய 'போசால்' என்ற வளையத்தை மூக்கின் மேல் அமர்த்துவார்கள். நம் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு குத்துவது போல் இது துளைப்பதில்லை. அதிலிருந்து குதிரை மயிரில் திரித்த கயிறு சவாரிக்காரன் கைக்கு வரும். அந்தக் கயிற்றின் பெயர் 'மெக்காத்தே', மெக்சிக்கோவின் பூர்வீக மொழியான நாவாட்டில் இருந்து வந்த சொல்.

போசாலில் ஒரு வருடம், சில நேரம் அதற்கு மேலும். மெல்ல நிற்க, கழுத்தில் கயிறு பட்டதும் திரும்ப, மாட்டின் முன் பதறாமல் நிற்க அது பழகும். அடுத்து, மெல்லிய போசாலையும் கடிவாளத்தையும் ஒன்றாகப் போட்டு இரண்டு சோடி வார்களில் ஓட்டுவார்கள். இரும்பு வாயில் சும்மா கிடக்கும், கட்டளை மூக்கிலிருந்து வரும். கொஞ்சம் கொஞ்சமாக வேலை இரும்புக்கு மாறும். கடைசியில் கடிவாளம் மட்டும், அதுவும் ஒற்றைக் கையில், தளர்வாக. மற்றக் கைக்கு மாட்டைப் பிடிக்கும் சுருக்குக் கயிறு வேண்டுமே! இப்படி ஒரு குதிரை முழுமையாக உருவாகப் பல வருடங்கள் ஆகும்.

முகநூலில் நாம் வழமையாகச் செய்வது போல "பார்த்தீர்களா, எல்லாம் நம்மவர் கண்டுபிடிப்பு" என்று நான் முடிக்கப் போவதில்லை. சொல்லும் சவாரி முறையும் நம் பக்கத்திலிருந்து போனவை. பின்னலும் கயிறும் பொறுமையும் மெக்சிக்கோ, கலிபோர்னியா மண்ணில் வளர்ந்தவை. அதை வளர்த்தவர்களில் பெரும் பங்கினர் அந்த மண்ணின் பூர்வீக மக்கள். அவர்களின் நிலை என்ன தெரியுமா? ஞானஸ்நானம் பெற்றவர் அனுமதியின்றி மிஷனை விட்டுப் போக முடியாது. ஓடிப்போய்ப் பிடிபட்டால் சவுக்கடி. குதிரையின் வாய் நோகக்கூடாது என்று பார்த்த அதே இடத்தில் மனிதனின் முதுகு கிழிந்தது. காட்டுக் குதிரையைக் கயிறு வீசி விழுத்தி, கண்ணைக் கட்டி ஏறிய நாட்களும் அங்கே இருந்தன. வரலாற்றை முழுதாகவே சொல்ல வேண்டும்.

பிறகு அவசரம் வந்தது. 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் டெக்சாஸ் மாடுகளை வடக்கே ரயில் நிலையங்களுக்கு ஓட்டிச் செல்லும் வியாபாரம் சூடு பிடித்தது. குதிரைகள் உடனே வேண்டும். ஊர் ஊராகப் போய்த் தலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக் குதிரை அடக்குபவர்கள் வந்தார்கள். கட்டி, கண்ணை மூடி, ஏறி, அது துள்ளிக் களைக்கும் வரை அடி. சில நாட்களில் வேலை முடிந்தது. அவர்கள் வைத்த சொல்லையே பாருங்கள், குதிரையை 'உடைப்பது'. உடைந்த குதிரை வேலை செய்தது, ஆனால் ஒவ்வொரு காலையும் சேணத்தைக் கண்டதும் மறுபடி துள்ளியது.

பழைய முறை அழிந்துவிடவில்லை. 1872இல் பீட்டர் பிரெஞ்ச் என்பவர் கலிபோர்னியாவிலிருந்து மெக்சிக்க வக்கேரோக்களோடு மாட்டு மந்தையை ஓரிகனுக்குக் கொண்டு போனார். அதே ஓரிகனில் 1910இல் பிறந்தவர் டொம் டொரன்ஸ். இளங்குதிரை ஏன் மறுக்கிறது என்பதை அதன் பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னார். அவரிடம் கற்ற ரே ஹன்ட் அதை ஊர் ஊராகப் போய்ப் பண்ணைக்காரர்களுக்குச் செய்து காட்டினார். வட்டமான தொழுவத்தில் கையால் தடவி, விரிப்பைப் பழக்கி, சேணத்தை மெல்ல இறுக்கி, அது ஒரு சிறு அடி சரியாக வைத்ததும் கயிற்றைத் தளர்த்திவிடுவது. குதிரை படிப்பது இழுப்பில் அல்ல, அந்தத் தளர்வில். 'உடைப்பது' என்ற சொல்லைப் பலர் கைவிட்டார்கள். இப்போது 'தொடங்கி வைப்பது' என்கிறார்கள்.

உறவுகளே, ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஆசிரியத் தொழிலின் முதல் வருடங்களில் என் கையிலும் பிரம்பு இருந்தது. பிள்ளைகள் மீது கோபம் இருந்ததால் அல்ல. பாடத்திட்டம் முடிய வேண்டும், பெறுபேறு வர வேண்டும் என்ற அவசரம். தலைக்குக் கூலி வாங்கியவனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. அன்று என்னிடம் அடி வாங்கிய ஒருவர் இன்று தன் மகளைக் கொண்டுவந்து விடும்போது சிரித்துத்தான் பேசுகிறார். நான்தான் கண்ணைப் பார்ப்பதில்லை.

புலமைப்பரிசில் பரீட்சைக்காக மூன்றாம் தரத்திலேயே பிள்ளையை மூன்று டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோரே, அந்த வயதுப் பிள்ளையின் வாயைத் திறந்து பாருங்கள். இன்னும் பால் பல் விழுந்துகொண்டிருக்கும்.

நாளை அந்த மாணவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஷகீமா என்று கரும்பலகையில் அரபியில் எழுதித் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.