தீவாந்திரம் போனவர்கள்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "அதைப் பற்றி ஏற்கெனவே நாலு பேர் எழுதியாச்சு, நீ வேறு ஏதாவது எழுது" என்று பதில் வந்தது. சிவில் படித்தவனுக்கு சரித்திரத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் உங்கள் வீட்டுப் பரண் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

வேலை நிமித்தமாக 2 வருஷம் ஆஸ்திரேலியாவின் தெற்கே இருக்கும் டாஸ்மேனியா தீவில், ஹோபார்ட் நகரத்தில் இருந்தேன். அங்கிருந்து லான்செஸ்டன் போகிற வழியில் கேம்பெல் டவுன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1838-ல் கைதிகள் கட்டி முடித்த செங்கல் வளைவுப் பாலம் ஒன்று இருக்கிறது. இன்றைக்கும் ஹைவே போக்குவரத்து அதன் மேல்தான் போகிறது. பாலத்தைப் பார்க்க இறங்கியவன், காலடியைப் பார்த்து நின்றுவிட்டேன். நடைபாதையில் வரிசையாகச் செங்கல் பதித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கைதியின் பெயர், வயது, வந்த கப்பல், செய்த குற்றம், பெற்ற தண்டனை என்று பொறித்திருக்கிறார்கள். துணி திருட்டு 7 வருஷம், ஆடு திருட்டு 10 வருஷம் என்று போய்க்கொண்டே இருக்கிறது.

கூட வந்த எங்கள் ஆபீஸ் சர்வேயர், அறுபதை நெருங்கியவர், "என் முன்னோர் ஒருத்தரும் இப்படி வந்தவர்தான்" என்றார், என்னவோ கலெக்டர் பரம்பரை என்று சொல்வதுபோல! அடுத்து அவர் கேட்ட கேள்விதான் என்னை மடக்கியது. "உங்க அப்பாவோட தாத்தா பேரு என்ன? என்ன செஞ்சார்?"

பெயர் தெரியும். என்ன செய்தார்? "ரங்கூனுக்கு வியாபாரத்துக்குப் போனார், திரும்பி வரவில்லை" என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதையே அவரிடமும் சொன்னேன்.

கப்பல் ஏற்றிய கதை

பிரிட்டன் தன் கைதிகளை முதலில் அமெரிக்கக் காலனிகளுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. அமெரிக்க சுதந்திரப் போர் வந்து அந்தக் கதவு சாத்தப்பட்டதும் சிறைகள் நிரம்பி வழிந்தன. ஓட்டைக் கப்பல்களை தேம்ஸ் நதியில் நிறுத்தி அவற்றிலும் அடைத்தார்கள். கடைசியில் ஆர்தர் பிலிப் தலைமையில் 11 கப்பல்கள் 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மவுத்திலிருந்து கிளம்பி, 1788 ஜனவரியில் இன்றைய சிட்னிக்கு வந்து சேர்ந்தன. எழுநூறுக்கு மேற்பட்ட கைதிகள். அந்த மண்ணில் பல்லாயிரம் வருஷமாக வாழ்ந்துவந்த ஆதிகுடிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1868 ஜனவரியில் கடைசிக் கப்பல் மேற்கு ஆஸ்திரேலியா வந்து சேரும் வரை, 80 வருஷத்தில் சுமார் 1,62,000 பேர் இப்படி நாடு கடத்தப்பட்டார்கள்.

இத்தனை பேரையும் அந்த அரசாங்கம் எழுதிவைத்தது. கருணையினால் அல்ல; ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! உயரம் எத்தனை அடி அங்குலம், கண் என்ன நிறம், அம்மைத் தழும்பு உண்டா, கையில் என்ன பச்சை குத்தியிருக்கிறது, படிக்கத் தெரியுமா, என்ன தொழில் தெரியும் என்று எல்லாம் கப்பல் பட்டியலிலும் நடத்தைப் பதிவேட்டிலும் இருக்கிறது. குடித்துவிட்டு வந்தான், இத்தனை சவுக்கடி. எஜமானை எதிர்த்துப் பேசினாள், இத்தனை நாள் வெறும் ரொட்டியும் தண்ணீரும் என்று தண்டனையும் அதிலேயே ஏறும். ஒழுங்காக இருந்தால் 'டிக்கெட் ஆப் லீவ்', அதாவது குறிப்பிட்ட வட்டாரத்துக்குள் தானே வேலை தேடிப் பிழைத்துக்கொள்ள அனுமதிச் சீட்டு. பிறகு நிபந்தனை மன்னிப்பு. தண்டனைக் காலம் முடிந்தவருக்கு விடுதலைச் சான்றிதழ்.

வேடிக்கையைப் பாருங்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் நேர்மையாக உழுது பிழைத்த ஏழைக்கு சர்ச்சில் பிறப்பு, கல்யாணம், அடக்கம் என்று மூன்று வரிதான் மிச்சம். ஒரு சட்டை திருடியவனுக்கோ மூக்கின் வடிவம் முதற்கொண்டு ஆவணம் இருக்கிறது!

மறைத்ததும் தேடியதும்

ஆனால் ரொம்ப காலத்துக்கு இந்த ஆவணங்களைத் தேடுவார் இல்லை. 'கைதிக் கறை' என்று ஒரு வார்த்தையே அங்கே உண்டு. 1853-ல் கைதிகள் வருவது நின்றதும், அந்தத் தீவு 'வான் டீமன்ஸ் லாண்ட்' என்ற பழைய பெயரை உதறிவிட்டு, 1856-ல் டாஸ்மேனியா ஆயிற்று. 1882-ல் சிட்னியின் கார்டன் பேலஸ் மாளிகை எரிந்து, முந்தின வருஷத்து சென்ஸஸ் ஏடுகள் சாம்பலானபோது, தங்கள் பூர்வீகத்தை மறைக்கப் பெரிய மனிதர்கள் வைத்த தீ என்று ஊரில் வதந்தி கிளம்பியது. உண்மையோ பொய்யோ, அப்படி ஒரு வதந்தி கிளம்பியதே அந்த ஊரின் மனசைக் காட்டுகிறது.

எங்கள் சர்வேயரின் பாட்டியும், "நாம் சொந்த விருப்பத்தில் வந்து குடியேறியவர்கள்" என்றுதான் சொல்வாராம். ஆனால் குடும்ப பைபிளின் முதல் பக்கம் மட்டும் கத்தரித்து எடுக்கப்பட்டிருந்தது. ஏன் என்று யோசித்துத் தேடப் போய்த்தான் ஆடு திருடிய முன்னோர் அகப்பட்டார்.

இப்போது காலம் மாறிவிட்டது. பதினான்கு வயதுகூட ஆகாத மேரி வேட் என்ற சிறுமி, இன்னொரு குழந்தையின் உடுப்பைப் பறித்ததற்காக 1789-ல் லண்டன் ஓல்ட் பெய்லி கோர்ட்டில் மரண தண்டனை பெற்றாள். அது நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1790-ல் சிட்னிக்கு வந்து சேர்ந்தாள். 1859-ல் அவர் இறந்தபோது முந்நூறுக்கு மேற்பட்ட வாரிசுகள் உயிரோடு இருந்தார்கள். பின்னாளில் பிரதமரான கெவின் ரட் அந்த வம்சத்தில் வந்தவர்.

நம் தொழில்காரர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். பிரான்சிஸ் கிரீன்வே என்ற கட்டடக்கலைஞர், போர்ஜரி செய்ததற்காக 14 வருஷ தண்டனையுடன் 1814-ல் வந்தார். சிட்னியின் ஹைட் பார்க் பாரக்ஸ் இவர் வரைந்ததுதான். 1966-ல் வெளியான முதல் 10 டாலர் நோட்டில் இவர் படத்தைப் போட்டார்கள். போர்ஜரி செய்தவர் படத்தை கரன்ஸி நோட்டில் போட்ட தேசம் உலகத்தில் வேறு இருக்குமா தெரியாது!

இந்தக் கைதி ஆவணங்களை யுனெஸ்கோ 2007-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2010-ல் கைதிகள் சம்பந்தப்பட்ட 11 இடங்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் ஆயின.

நம் பக்கத்துக் கடல்

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன என்று நினைக்கலாம். அதே பிரிட்டிஷ்காரர்கள் நம்மவர்களையும் கப்பல் ஏற்றினார்கள். பாளையக்காரர் போர் முடிந்து 1802-ல் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கு மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு அனுப்பினார்கள். அவர்கள் அரசியல் கைதிகள். சாதாரணக் கைதிகள் அதைவிடப் பல மடங்கு. 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு மாற்றப்பட்ட முதல் கோஷ்டியில் இருந்த 80 பேரும் மதராஸ் கைதிகள். 1862-ல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல் இந்தியக் கைதிகள் கட்டியது. உள்சுவருக்குப் பூசியது நம் ஊர் 'மதராஸ் சுண்ணாம்பு'. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை கலந்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுப் பூசி, பளிங்குபோல் தேய்த்தார்கள். அதன் முன்னால் நின்றபோது, இந்தப் பக்குவத்தைத் தன் அப்பனிடம் கற்ற கை எந்த ஊர்க் கை என்று கேட்கத் தோன்றியது.

1858 மார்ச் 10 அன்று 200 பேருடன் அந்தமான் குடியேற்றம் ஆரம்பித்தது. 1906-ல் ஏழு சிறகுகளோடு செல்லுலர் ஜெயில் முடிந்தது. நம் பழைய பத்திரங்களிலும் பெரியவர்கள் பேச்சிலும் இந்தத் தண்டனைக்குப் பெயர் 'தீவாந்திரம்'.

அந்த வார்த்தையை நான் முதலில் பார்த்தது புத்தகத்தில் இல்லை.

பரண் மேல் பெட்டி

ஹோபார்ட்டிலிருந்து திரும்பிய வருஷம், பூர்வீக வீட்டின் வில்லங்கம் பார்ப்பதற்காகப் பரண் மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். உள்ளே 1914-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம் ஒன்று. அப்பாவின் பாட்டி தன் சீதன நிலத்தை விற்றிருக்கிறார். என்ன காரணத்துக்காக விற்றார் என்று எழுதும் இடத்தில், புருஷன் தீவாந்திர தண்டனை அடைந்திருப்பதால் அப்பீல் செலவுக்காகவும் மைனர் மகனின் போஷணைக்காகவும் என்று எழுதியிருந்தது. கீழே அவருடைய இடது கைப் பெருவிரல் ரேகை.

ரங்கூனும் இல்லை, வியாபாரமும் இல்லை!

எண்பது வயதான பெரிய அத்தையிடம் பத்திரத்தைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வாய்க்கா தண்ணித் தகராறுப்பா. மம்பட்டியால அடிச்சிட்டாரு. மறுநாளு அந்த ஆளு செத்துப்போச்சு. எங்கம்மா என்கிட்ட ஒரே ஒரு தடவதான் சொன்னா. வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா" என்றார்.

அப்பாவுக்குக் கோபம். "எதுக்குடா இதையெல்லாம் கிளறுற? உன் தங்கச்சிக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கிற நேரத்துல?" அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் கேட்டுக்கொண்டபடிதான் இங்கே ஊர், பேர் எதையும் நான் எழுதவில்லை. தங்கைக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

ஆனால் ஒரு விஷயத்தை அப்பாவும் ஒப்புக்கொண்டார். ரங்கூன் கதையால் நாங்கள் மறைத்தது ஒரு குற்றத்தை மட்டும் இல்லை. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், பிறந்த வீடு கொடுத்த நிலத்தை விற்று, புருஷனுக்காக அப்பீல் போட்டு, தோற்று, அதற்குப் பிறகும் பிள்ளையை வளர்த்தாரே, அதையும் சேர்த்தே புதைத்துவிட்டோம். அவர் பெயரையே அந்தப் பத்திரத்தில்தான் நான் முதன்முதலில் படித்தேன். செத்துப்போன அந்த மனிதருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர் பெயர் இன்னும் எங்களுக்குத் தெரியாது. செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பு கிடைத்தால் தெரியும். தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்தமானில் 10 வருஷம் ஒழுங்காக இருந்தால், அங்கேயும் தானே உழைத்துப் பிழைக்க டிக்கெட் கொடுப்பார்கள். கொள்ளுத் தாத்தாவுக்கு அது கிடைத்ததா? 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் இருந்தபோது அந்தமான் ஆவணங்கள் பல அழிந்துவிட்டன. ஆகவே நம்பிக்கை கொஞ்சம்தான்.

தம்பி தங்கைகளுக்கு

தேட ஆசைப்படுகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். ஆவணம் காத்திருக்கும், அத்தை காத்திருக்க மாட்டார். பிறகு பழைய பத்திரங்கள். நம்மவர்களுக்கு வெள்ளைக்காரர்போல் குடும்பப் பெயர் கிடையாது. ஊர், தகப்பன் பெயர், சர்வே நம்பர் இவைதான் துருப்பு. சார்பதிவாளர் ஆபீஸில் பழைய வருஷங்களுக்குத் தனியாக மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். அதன் பிறகு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பெயரை இங்கிலீஷில் குமாஸ்தா எப்படி எழுதியிருப்பான் என்று நாலைந்து விதமாக யோசித்துக்கொண்டு போங்கள். லண்டன் ஓல்ட் பெய்லி வழக்குகள் 1674 முதல் 1913 வரை இன்டர்நெட்டில் இலவசமாகவே இருக்கின்றன. ஓர் ஏழையின் வாழ்க்கை ஆவணத்தில் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க, அதில் ஒரு மணி நேரம் செலவழிக்கலாம்.

என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு போகாதீர்கள். ராஜா வம்சமாகவும் இருக்கலாம், மம்பட்டியாகவும் இருக்கலாம்.

போன ஆடி அமாவாசைக்கு ஊருக்குப் போயிருந்தேன். செத்த தேதி தெரியாததால் கொள்ளுத் தாத்தாவுக்கு எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் படையல். இலை போட்டதும் அப்பா என்னைப் பார்த்து, "அந்தப் பத்திரத்துல பாட்டி பேரு என்னன்னு போட்டிருந்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன். பக்கத்தில் இன்னோர் இலை போட்டார்.

சந்திப்பு விழாவில் பார்ப்போம், நண்பர்களே. வரும்போது உங்கள் தாத்தா கதை ஒன்றையும் கொண்டு வாருங்கள்.