குறுங்கால முனைவர் மேலாய்வு நல்கை: போடி வட்டாரமும் பண்டைப் பண்பாட்டு வரலாறும்

முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளர், ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு சில மாதங்கள் அதிலேயே ஆழ்ந்திருக்க உதவும் தொகையே குறுங்கால மேலாய்வு நல்கை. தங்குசெலவு, பயணச்செலவு, நூலக அனுமதி ஆகிய மூன்றும் கிடைத்தால் பெரும்பாலும் போதும். பண்டை வரலாற்றுத் துறையில் இந்திய வரலாற்று ஆய்வுக் கழகம், சென்னையிலுள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் போன்றவை மேலாய்வுக்கு உதவுகின்றன. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வெளிநாட்டு அறிஞர்களும் தமிழறிஞர்களும் கூடி உழைக்கும் இடமாக நிலைத்துவிட்டது.

நல்கை என்ன செய்யும் என்பதற்குக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனே சான்று. ஆட்சிப் பணியில் இருந்த அவருக்கு 1970இல் ஜவாஹர்லால் நேரு நல்கை கிடைத்தது. அதன் விளைவான சிந்து எழுத்துத் தொகுப்பு 1977இல் வெளிவந்தது. பின்னர் வரலாற்று ஆய்வுக் கழகத்தின் தேசிய நல்கையோடு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் இறங்கினார். அந்தப் பெருநூல் 2003இல் அச்சேறியது.

அந்நூல் வந்து மூன்றே ஆண்டுகளில் தேனி மாவட்டம் புதிய சான்று ஒன்றைத் தந்தது. ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜனும் அவருடைய ஆய்வுக் குழுவினரும் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். கிடைத்த இடம் சிதைந்துபோன ஓர் ஈமக்காடு. எழுத்தமைதி கொண்டு பொ.ஆ.மு. 3, 2ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியவை எனக் கணித்தனர். அதுவரை தெரிந்த எழுத்துள்ள நடுகற்களைவிட இவை பல நூற்றாண்டு மூத்தவை. ஒன்று, கூடலூர் ஆநிரைப் போரில் மாண்ட தீயன் அந்தவனுக்கு நட்ட கல். ஆநிரை கவர்தலைக் குறிக்கத் தொல்காப்பியம் ஆளும் ‘ஆகோள்’ என்ற அதே சொல் கல்லிலும் நிற்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் இன்றும் ஒரு கூடலூர் உண்டு. இரண்டும் ஒன்றா என்று தேடுவது, ஒரு குறுங்கால நல்கைக்கு அளவெடுத்தாற்போன்ற கேள்வி.

அதே மாவட்டத்திலுள்ள போடிநாயக்கனூரின் பெயர் ஆய்வுலகில் பதிந்தது இதற்கும் முன்னர். இங்கே கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுப் புதையலை, கணிதப் பேராசிரியர் டி. டி. கோசாம்பி தம் காலவரிசை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். கைமாறக் கைமாறக் காசு தேய்ந்து எடை குறையும். அந்தத் தேய்மானத்தைக் கணக்கிட்டால் எது முந்தியது, எது பிந்தியது என்று அறியலாம் என்பது அவர் வழி. ஏலக்காய் ஏலத்துக்குப் பேர்போன ஊருக்கு இப்படியும் ஒரு புகழ் இருப்பதை உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

களவேலைக்குக் காலம் பார்ப்பது முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைச்சரிவில் கல் தேடுவது வீண்பாடு. புல் காய்ந்த மாசி, பங்குனியே வசதி. பிராமிக் கீறல்கள் ஆழமற்றவை. உச்சிவெயிலில் வெறுங்கல்லாகத் தெரிவது, காலைச் சாய்வெயிலில் எழுத்தாகத் தெளியும். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டிப் பள்ளங்களில் இறக்கி, மை ஒற்றிப் படியெடுப்பார்கள். எந்தக் காட்டில் எந்தக் கல் சாய்ந்து கிடக்கிறது என்பதை உழுபவர்களிடமும் ஆடு மேய்ப்பவர்களிடமும்தான் கேட்க வேண்டும். அவர்களோடு பழகுவதற்கே சில வாரங்கள் பிடிக்கும்.

பெரிய இடையூறு மலைமுகட்டில் இருக்கிறது. போடிமெட்டில் மாநில எல்லை; அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி. மறையூரின் முனியறைகள் எனப்படும் கல்திட்டைகள் அப்பக்கம்; வைகைக்கரை ஈமக்காடுகள் இப்பக்கம். தொல்லியல் துறைகளும் வனத்துறைகளும் வேறுவேறு என்பதால், ஒரே ஆய்வாளர் இரு சரிவுகளையும் பார்ப்பது எளிதன்று. தொழிலாளர்களோ நாள்தோறும் ஜீப்பில் ஏறி அந்த எல்லையைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிறார்கள். இந்த வட்டாரத்துக்கென நல்கை வழங்க முன்வரும் நிறுவனம் எதுவாயினும், இரு மாநில அனுமதிகளையும் தானே பெற்று ஆய்வாளர் கையில் கொடுத்துவிட வேண்டும்.