கேட்டவருக்கு மட்டும் பதில்: ஆட்டோரெஸ்பாண்டரின் கதை

இரவு இரண்டு மணி. யாரோ ஒருவர் ஒரு வலைத்தளத்துக்கு வந்து, "விவரம் வேண்டும்" என்று தன் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். தளத்தின் உரிமையாளர் நல்ல தூக்கத்தில் இருக்கிறார். ஆனாலும் அடுத்த நிமிடமே பதில் போய்விடுகிறது. மூன்று நாள் கழித்து இன்னொரு மடல், ஒரு வாரம் கழித்து மற்றொன்று. இந்த வேலையைச் செய்யும் மென்பொருளுக்குத்தான் ஆட்டோரெஸ்பாண்டர் என்று பெயர். தமிழில் தானியங்கி மறுமொழி என்று சொல்லலாம்.

இணைய வியாபாரத்துக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஆட்டோரெஸ்பாண்டர் நல்லது? மாதம் எவ்வளவு?" என்பதுதான். இந்தக் கருவி எப்படிப் பிறந்தது, எங்கே அடி வாங்கியது என்று தெரிந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் பாதி கிடைத்துவிடும்.

கேட்காமல் போன முதல் விளம்பரம்

ரே டாம்லின்சன் 1971-இல் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காட்டினார். அது ஆர்ப்பாநெட் காலம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் நடந்த ஆராய்ச்சி வலையமைப்பு அது. அங்கே வியாபாரத்துக்கு இடமில்லை.

1978 மே மாதம் அந்த வழக்கம் உடைந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்தவர் கேரி துர்க். புதிய கணினிகளின் செயல்விளக்கக் கூட்டத்துக்கு வரும்படி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். முகவரிகள் அச்சிட்ட பயனர் கையேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்யப்பட்டவை. இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தனை முகவரிகளைத் தலைப்பில் வைக்க அன்றைய மென்பொருளுக்கு இடம் போதவில்லை. மிச்ச முகவரிகள் மடலுக்குள்ளேயே வழிந்துவிட்டன!

வலையமைப்பை நிர்வகித்தவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். ஆனால் அந்த ஒரு மடலால் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் விற்பனை நடந்ததாகத் துர்க் பிற்காலத்தில் சொன்னார். எரிதம் எனப்படும் வேண்டாத மடலின் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள். லாபம், கோபம் இரண்டும் முதல் நாளிலேயே சேர்ந்து வந்தன என்பது கவனிக்க வேண்டியது.

அடக்கம் தெரிந்த மென்பொருள்

தானாகப் பதில் சொல்லும் வேலை வியாபாரிகளிடம் தொடங்கவில்லை. 1980-களில் பெர்க்லி யூனிக்ஸ் கணினிகளில் 'வெகேஷன்' என்ற சிறிய நிரல் வந்தது. எழுதியவர் எரிக் ஆல்மன். உரிமையாளர் விடுமுறையில் இருந்தால், மடல் அனுப்பியவருக்கு "ஊரில் இல்லை" என்று அது பதில் போடும்.

இரண்டு பேரும் விடுமுறையில் இருந்தால் என்ன ஆகும்? ஒரு நிரலின் பதிலுக்கு மற்றொரு நிரல் பதில் சொல்லும், அதற்கு இது மறுபடி சொல்லும். முடிவே இருக்காது. அதனால் ஒருவருக்கு ஒருமுறை பதில் சொன்னால், அடுத்த ஒரு வாரத்துக்கு அவருக்கு மறுபடி சொல்லாது. யாருக்குச் சொன்னோம் என்று ஒரு கணக்கும் வைத்துக்கொள்ளும். மடல் குழுக்களிலிருந்து வருவதற்கு வாய் திறக்காது. எப்போது பேசக்கூடாது என்பதுதான் அதன் முக்கியமான பாடம்.

1985-இல் நெட்லிப் என்ற சேவை வந்தது. ஜாக் டோங்காரா, எரிக் குரோஸ் ஆகிய இருவரும் தொடங்கியது. கணித நிரல் தேவைப்படுபவர் பெயரைக் குறித்து ஒரு மடல் போட்டால், ஆள் தலையீடு இல்லாமல் அந்த நிரலே பதிலாக வந்து சேரும். அடுத்த ஆண்டு, 1986-இல், பாரிஸில் படித்துக்கொண்டிருந்த எரிக் தாமஸ் என்ற மாணவர் லிஸ்ட்செர்வ் மென்பொருளை எழுதினார். மடல் குழுவில் சேர ஒரு கட்டளை, விலக ஒரு கட்டளை. யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

இன்றைய ஆட்டோரெஸ்பாண்டருக்குத் தேவையான எல்லாமே இந்த மூன்றில் இருக்கிறது: கேட்டால் கொடு, திரும்பத் திரும்பத் தொல்லை செய்யாதே, போகிறேன் என்றால் விடு.

1994-க்குப் பிறகு

1994 ஏப்ரல் 12-இல் அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதியர், கிரீன் கார்டு குலுக்கல் பற்றிய விளம்பரத்தை யூஸ்நெட்டில் ஆயிரக்கணக்கான விவாதக் குழுக்களில் போட்டார்கள். எரிச்சலடைந்தவர்கள் அனுப்பிய கண்டன மடல்கள் குவிந்ததில், அவர்களுக்கு இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் சர்வர் படுத்துவிட்டது. இணைப்பும் துண்டிக்கப்பட்டது.

எரிதம் பெருகப் பெருகத் தடுப்பும் வளர்ந்தது. 1997-இல் பால் விக்ஸி, எரிதம் அனுப்பும் கணினிகளின் கறுப்புப் பட்டியலைத் தொடங்கினார். 2002-இல் பால் கிரஹாம், சொற்களின் நிகழ்தகவை வைத்து எரிதத்தைப் பிடிக்கும் முறையைப் பிரபலமாக்கினார்.

இதற்கு நடுவில்தான் வியாபார ஆட்டோரெஸ்பாண்டர்கள் வந்தன. 1998-இல் அமெரிக்காவில் டாம் குல்சர் ஏவெபரைத் தொடங்கினார். போலந்தில் சைமன் கிராபோவ்ஸ்கி தொடங்கிய கெட்ரெஸ்பான்ஸும் அதே காலத்தது. இவற்றின் சிறப்பு 'தொடர் மடல்'. திங்கட்கிழமை சேர்ந்தவருக்குத் திங்கள்தான் முதல் நாள், வெள்ளிக்கிழமை சேர்ந்தவருக்கு வெள்ளிதான் முதல் நாள். ஒவ்வொருவருக்கும் தனி நாட்காட்டி! 1999-இல் சேத் கோடின் 'பெர்மிஷன் மார்க்கெட்டிங்' என்ற நூலில், வாடிக்கையாளரின் அனுமதியே வியாபாரத்தின் முதல் என்ற கருத்தை முன்வைத்தார். 2001-இல் வந்த மெயில்சிம்ப், 2009-இல் இலவசத் திட்டம் கொடுத்துச் சிறு வியாபாரிகளை இழுத்தது. 2021-இல் இன்டியூட் நிறுவனம் அதைச் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கியது.

சட்டமும் பின்னால் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் முன் அனுமதி வேண்டும் என்றது. அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் முன் அனுமதி கேட்கவில்லை. ஆனால் விலக விரும்புபவரை 10 வேலை நாட்களுக்குள் விலக்க வேண்டும், மடலில் உண்மையான அஞ்சல் முகவரி இருக்க வேண்டும் என்றது. இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் சம்மதமே அடிப்படை.

புதியவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புபவர்களுக்குக் கூகுள் நிபந்தனைகள் விதித்தது. அனுப்பும் டொமைன் உண்மையானது என்று நிரூபிக்க வேண்டும், விளம்பர மடல்களில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும், எரிதம் என்ற புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது.

இதைக் கணக்காகப் பார்ப்போம். யாரோ விற்கும் 10,000 ஜிமெயில் முகவரிகளை ஒருவர் வாங்கி மடல் அனுப்புகிறார். அதில் 30 பேர் எரிதம் என்று அழுத்தினாலே எல்லை வந்துவிடும். அதன் பிறகு உண்மையாகவே கேட்ட 300 பேருக்கு அனுப்புவதும் எரிதப் பெட்டிக்குப் போகலாம். வணிகவியலில் குட்வில் என்று சொல்லப்படும் நற்பெயர் இங்கே டொமைன் பெயரில் ஒட்டியிருக்கிறது. அதை இழந்தால் திரும்பச் சம்பாதிப்பது சுலபமல்ல.

ஆகவே சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை:

1. சேருபவருக்கு உறுதி மடல் அனுப்பி, அவர் சம்மதித்த பிறகே பட்டியலில் சேர்க்கும் வசதி.

2. சொந்த டொமைனிலிருந்து அனுப்பவும் அதை உறுதிப்படுத்தவும் வழி.

3. பட்டியலை முழுவதுமாகப் பதிவிறக்கும் வசதி. நாளை வேறு சேவைக்கு மாறினால் வாடிக்கையாளர்களை விட்டுவிட்டுப் போகக்கூடாது.

4. முகவரிகள் கூடக் கூடக் கட்டணம் எப்படி ஏறும் என்ற கணக்கு. முதல் மாத விலையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.

5. விலகும் இணைப்பு ஒவ்வொரு மடலிலும் தானாக வருகிறதா என்பது.

பயன்படுத்தும் முறையும் எளிதுதான். முதல் மடலில், என்ன தருவதாகச் சொன்னோமோ அதைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த இரண்டு மூன்று மடல்களில் கேட்டவருக்குப் பயன்படும் விஷயம். விற்பனைப் பேச்சு அதற்குப் பிறகு. பொருளை வாங்கியவரைத் தொடரிலிருந்து எடுத்துவிட வேண்டும். வாங்கியவரிடமே "இன்னும் வாங்கவில்லையா?" என்று கேட்கும் இயந்திரத்தைப் போல நற்பெயரைக் கெடுப்பது வேறில்லை.

துர்க் 400 பேருக்கு அனுப்ப முகவரிகளைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இன்று நாலு லட்சம் பேருக்கு அனுப்ப ஒரு பொத்தான் போதும். அனுப்புவது இவ்வளவு சுலபமாகிவிட்ட பிறகு, கேட்டு வாங்கிய அனுமதிதான் வியாபாரியின் உண்மையான முதலீடு.