டூப்ளே என்னும் குடும்பப் பெயர்: தோற்றம், பொருள், வழக்கு

பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களுள் டூப்ளே அரிதான ஒன்று. புதுச்சேரி ஆளுநராக இருந்த ழோசெப் பிரான்சுவா டூப்ளேயால் (1697–1763) அது உலகறிந்த பெயராயிற்று. எனினும் பிரான்சில் அப்பெயரைத் தாங்கிய குடும்பங்கள் என்றும் சிலவே. மார்த்தேன், பெர்னார் போன்ற பெயர்கள் நாடெங்கும் பரவியிருக்க, டூப்ளே ஏன் பெருகவில்லை என்ற கேள்விக்கு, சிறிய வட்டாரத்தில் பிறந்த பெயர் என்பதே வழக்கமாகச் சொல்லக்கூடிய விடை. அது பாதி விடைதான். வேரில் ஒன்றான ஒரு பெயர், எழுதியவர் கைக்கேற்பப் பல வடிவங்களாகப் பிரிந்து, அவற்றுள் ஒரு வடிவம் மட்டும் புகழடைந்ததே அதன் அருமைக்கு முதன்மையான காரணம்.

பெயரின் அமைப்பு எளிது. முன்னே நிற்பது 'துய்' என்னும் முன்னிடைச்சொல். இடத்திலிருந்து வந்தவர், இடத்தைச் சேர்ந்தவர் என்ற பொருளை அது தரும். பாலத்தருகே வாழ்ந்தவன் துய்போன், காட்டோரத்தான் துய்புவா, புல்வெளிக்காரன் துய்ப்ரே என 11, 12ஆம் நூற்றாண்டுகளிலிருந்து கிடைத்த அடைபெயர்கள் பின்னர் பரம்பரைப் பெயர்களாக இறுகின. இடைச்சொல்லைக் கண்டு உயர்குடிப் பெயர் என மயங்கக் கூடாது. அது பெயர்ச்சொல்லோடு ஒட்டி ஒரே சொல்லாக எழுதப்படும் பெயர்களில் பெரும்பாலானவை உழவர், கைவினைஞர், சிறுவணிகர் குடும்பங்களுக்கு உரியவை.

பின்னே நிற்கும் 'ப்ளே' என்ற சொல்லில்தான் பெயரின் பொருள் அடங்கியிருக்கிறது. பின்னுதல் என்ற பொருளுடைய 'ப்ளெக்தெரே' என்னும் லத்தீன் வினையின் எச்சவடிவம் 'ப்ளெக்ஸுஸ்'. அதிலிருந்து கிளைத்த சொல், நடு பிரான்சின் பேச்சுவழக்குகளில் பின்னிய உயிர்வேலியையும், அந்த வேலி சூழ்ந்த நிலத்தையும் குறித்தது. குளிர்காலத்தில், இலையுதிர்ந்து நிற்கும் வேலிச்செடிகளின் தண்டை அடியில் முக்கால் பங்கு வெட்டுவார்கள். பட்டையும் சிறிது கட்டையும் விட்டு வைப்பதால் செடி சாகாது. பிறகு தண்டைப் பக்கவாட்டில் சாய்த்து, நட்ட முளைக்கழிகளுக்கு இடையே கோத்துப் பின்னுவார்கள். வசந்தத்தில் அடியிலிருந்து புதுத்தளிர் கிளம்பி வேலி அடர்ந்துவிடும். மாடும் ஆடும் நுழைய முடியாத அந்த அரண் கல்லும் செலவும் இல்லாமல் அமைவது. இடைக்காலத்தில் காட்டை ஒட்டிய புதுக்குடியிருப்புகளுக்கு இதுவே முதல் மதிலாக இருந்தது. நாளடைவில் வேலியின் பெயர் வேலிக்குள் இருந்த பண்ணைக்கும், சில இடங்களில் கோட்டைவீட்டுக்கும் ஆகிவந்தது.

'இரட்டை' எனப் பொருள்படும் லத்தீன் 'துப்ளெக்ஸ்' என்ற சொல்லோடு இப்பெயரை இணைக்கத் தோன்றுவது இயல்பு. ஒலி அத்தனை நெருக்கம். ஆயினும் அந்த விளக்கம் நிற்காது. இடைச்சொல் நீங்கிய 'ப்ளே' தனி இடப்பெயராக வழங்குவதும், இடைச்சொல்லும் இடப்பெயரும் சேர்ந்த பெயரமைப்பு பிரெஞ்சில் மிகப் பெருவழக்காக இருப்பதும் இரட்டைப் பொருளுக்கு இடம் தருவதில்லை.

நிலவியலும் இதற்கே சான்று. லிமூசேன், மார்ஷ், பூர்பொனே, பெர்ரி ஆகிய பழைய மாநிலங்களில் 'லெ ப்ளே' என்ற பெயர் சிற்றூர்களுக்கும் பண்ணைகளுக்கும் வழங்குகிறது. வடக்கிலும் மேற்கிலும் அதே வேரின் நீண்ட வடிவமான 'ப்ளெசி' பரவியிருக்கிறது. பாரிசுக்குத் தெற்கிலுள்ள லெ ப்ளெசி-ரொபேன்சோன், 1483இல் பதினோராம் லூயி மன்னர் உயிர்நீத்த ப்ளெசி-லே-தூர் மாளிகை இரண்டும் அந்த வடிவத்தைச் சேர்ந்தவை. கார்டினல் ரிஷெலியூவின் குடும்பப் பெயர் துய் ப்ளெசி. பிரான்சின் அரசியலை ஆட்டிவைத்த கார்டினலும் புதுச்சேரி ஆளுநரும் பெயரளவில் ஒரே வேலியின் இரண்டு கிளைகள் என்பது இப்பெயராய்வு தரும் சுவையான செய்தி. துய்ப்ளெசி என்ற பெயர் பெருகிப் பரவ, டூப்ளே சுருங்கியே நின்றதற்கு இந்த நிலப்பங்கீடு ஒரு காரணம்.

பெயரைத் தாங்கியோருள் காலத்தால் முந்திய புகழாளர் சிப்பியோன் டூப்ளே (1569–1661). காஸ்கோஞ் பகுதியின் கோந்தோம் நகரில் பிறந்து அரசவை வரலாற்றாசிரியரானவர். மெய்யியலை லத்தீனில் மட்டுமே கற்பித்த காலத்தில் அதைப் பிரெஞ்சில் எழுதிய முன்னோடி. மொழிநடைக்கு வரம்பு கட்டிய வொழலாவை முதுமையில் எதிர்த்து, பழைய சொற்களுக்காக வாதாடியவர். இன்று அவரைப் படிப்போர் குறைவு என்பது வருத்தத்துக்குரியது. ஆளுநர் டூப்ளே வடக்கே லாந்த்ரெசி நகரில் பிறந்தவர். ஆனால் அவருடைய தந்தைவழிக் குடும்பம் புவாத்து பகுதியின் ஷாத்தெல்ரோவைச் சேர்ந்தது. மேற்சொன்ன 'ப்ளே' ஊர்கள் உள்ள வட்டாரத்துக்கு அது தொலைவானதன்று. பிறந்த ஊரை மட்டும் பார்த்து இதை வடபுலப் பெயர் என முடிவு செய்வது பிழை.

எழுத்து வடிவங்களுக்கு வருவோம். லத்தீனின் 'க்ஸ்' ஒலி பழைய பிரெஞ்சில் 'ஸ்' ஆகத் தேய்ந்து, சொல்லிறுதியில் பின்னர் ஒலிக்காமலே போனது. ஒலி போனபின் இறுதியில் எக்ஸ் எழுத்தா, எஸ் எழுத்தா, உயிரொலிக்கு 'ஏ-ஐ' கூட்டெழுத்தா 'இ-ஐ' கூட்டெழுத்தா என்பதைப் பதிவேட்டை எழுதிய பாதிரியாரின் பழக்கமே தீர்மானித்தது. ஞானஸ்நானப் பதிவுகளைப் பேண வேண்டும் என்று 1539இல் வில்லெர்-கோத்ரே அரசாணை கட்டளையிட்டது. பெயரை எப்படி எழுத வேண்டும் என அது சொல்லவில்லை. பிறப்புப் பதிவில் உள்ள பெயரையன்றி வேறு பெயரைத் தாங்கலாகாது என்ற சட்டம் 1794இல்தான் வந்தது. 1877இல் அறிமுகமான குடும்பக் கையேடு எழுத்தை முற்றிலும் இறுக்கியது. அதற்குள் ஒரே பெயர் பல பெயர்களாகப் பிரிந்துவிட்டது. 'லிட்டில் கோல்டன் புக்ஸ்' என்ற சிறுவர் நூல் வரிசையின் உருவாக்கத்தில் பங்குகொண்ட ழோர்ழ் துய்ப்ளே (1895–1985) தம் பெயரை 'ஏ-ஐ' கொண்டு எழுதியவர். கணக்கெடுப்பில் அது வேறு பெயர். வேரில் இதே பெயர். வடிவங்களைத் தனித்தனியே எண்ணும்போது ஒவ்வொன்றும் அரிதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

எழுத்து இறுகியதன் விளைவு ஒலிப்பிலும் தெரிகிறது. கண்ணால் கண்ட எக்ஸ் எழுத்தை வாய் மீண்டும் ஒலிக்கத் தொடங்கியதால், இன்று பாரிசில் 'துய்ப்ளெக்ஸ்' என்றே சொல்கிறார்கள். தமிழில் பாடநூல்கள் வழங்கும் டூப்ளே என்ற வடிவம், இறுதி எழுத்தை ஒலிக்காத மரபோடு ஒத்துப்போகிறது. இரண்டையும் பிழை எனத் தள்ள முடியாது.

பெயரின் புகழ் தனி வரலாறு. 1742 முதல் 1754 வரை புதுச்சேரியை ஆண்ட டூப்ளே, 1750இல் செஞ்சிக்கு அருகே ஐதராபாத் நிஜாம் நாசிர் ஜங் கொல்லப்பட்ட வெற்றியின் நினைவாக டூப்ளே-பதேஹாபாத் என்ற ஊரை எழுப்பத் தொடங்கினார். 1752இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் அதை இடித்துத் தள்ளினார். இடப்பெயரிலிருந்து பிறந்த குடும்பப் பெயர் மீண்டும் இடப்பெயராகி, இரண்டே ஆண்டுகளில் அழிந்தது. புதுச்சேரியில் இன்றைய ஜவஹர்லால் நேரு வீதி பிரெஞ்சு ஆட்சியில் டூப்ளே வீதியாக இருந்தது. பாரிசின் பதினைந்தாம் வட்டாரத்தில் ஒரு வீதியும், 1906இல் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையமும் இப்பெயர் தாங்குகின்றன. பிரெஞ்சுக் கடற்படையும் 1900, 1930, 1978 ஆகிய ஆண்டுகளில் நீரில் இறக்கிய போர்க்கப்பல்களுக்கு இதைச் சூட்டியது. அவற்றுள் இரண்டாவது, 1942 நவம்பரில் ஜெர்மானியர் கைக்குப் போகாதிருக்கத் தூலோன் துறையில் பிரெஞ்சு மாலுமிகளாலேயே மூழ்கடிக்கப்பட்டது. ஆக, இப்பெயரைத் தெருவும் நிலையமும் கப்பலும் பரப்பிய அளவுக்குக் குடும்பங்கள் பரப்பவில்லை.

குடும்பப் பெயர் ஆண்வழியில் மட்டுமே இறங்கிய வழக்கமும் இதில் பங்காற்றியது. புதுச்சேரியில் பிறந்த முதல் மனைவி ழான் ஆல்பெர் மூலம் ஆளுநருக்குப் பிறந்த மகன் பிழைக்கவில்லை. இரண்டாம் மணத்தில் பிறந்தது ஒரு மகள். அவள் மணம் முடித்ததும் அந்தக் கிளையில் பெயர் அற்றுப்போனது. தாயின் குடும்பப் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் உரிமையைப் பிரெஞ்சுச் சட்டம் 2005ஆம் ஆண்டிலிருந்துதான் நடைமுறைப்படுத்தியது. 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி, வயதுவந்த எவரும் தாயின் பெயரை எளிய விண்ணப்பத்தால் ஏற்கலாம். டூப்ளே போன்ற அரிய பெயர்கள் பெண்வழியிலும் தொடர இச்சட்டங்கள் வழிசெய்துள்ளன.